புதிய படத்தட்டும் பழைய அலமாரியும்

நல்லது வந்தால் குறையுள்ளது தானே விலகும் என்பது ஆராய்ச்சிக்கூடங்களில் நெடுங்காலமாக நிலவி வரும் நம்பிக்கை. மின்விளக்கு வந்தபின் மண்ணெண்ணெய் விளக்கு மூலைக்குப் போயிற்று. டிரான்ஸிஸ்டர் வந்தபின் வால்வு வானொலி மறைந்தது. ஆதலால் எத்துறையிலும் இவ்வாறே நிகழும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் சினிமாவையும் பிற படங்களையும் வீட்டிலிருந்தபடியே பார்ப்பதற்கென அமைந்த சாதனங்களின் வரலாறு இந்நம்பிக்கைக்குப் பலமுறை மாறாக நடந்துள்ளது.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைக்கு வந்தன. பெரும்பாலானவை முந்தியவற்றைவிடத் தெளிவான படம் காட்டுவதாகவே வந்தன; அங்ஙனம் காட்டவும் செய்தன. எனினும் வீடுதோறும் புகுந்து வேரூன்றியவை என்று சொல்லத் தகுந்தவை இரண்டு மூன்றே. மற்றவற்றுள் சில ஓரிரு ஆண்டுகளில் மறைந்தன. சில, ஆர்வலர் மட்டும் நாடும் பொருளாகச் சுருங்கின. இத்தோல்விகளுக்கு மக்களின் அறியாமையையும் பழமைப் பற்றையும் காரணமாகக் கூறுவோர் உண்டு. அது எளிய விளக்கம். உண்மையான விளக்கம் அன்று. பழைய கருவியை விடாது வைத்திருந்த குடும்பத்தினர் போட்ட கணக்கு பெரும்பாலும் சரியான கணக்கே. அளவுகோலைத் தவறாகப் பிடித்தவர்கள் உற்பத்தியாளர்கள்.

இதற்கு முதற்சான்றாகப் பீட்டாமாக்ஸின் கதையை எடுத்துக் கொள்ளலாம். பலரும் அறிந்த கதையே. ஆயினும் அது வழக்கமாகச் சொல்லப்படும் விதம் சரியன்று. ஜப்பானிய நிறுவனமான சோனி 1975-இல் பீட்டாமாக்ஸ் என்னும் காஸெட் முறையை வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்னும் முறையைக் கொணர்ந்தது. இரண்டும் அரை அங்குல அகலமுள்ள காந்த நாடாவையே கையாண்டன. பீட்டாமாக்ஸின் படம் சிறந்தது என்றும், சிறந்தது தோற்றுத் தாழ்ந்தது வென்றது என்றும் சொல்லிச் சொல்லி அது ஒரு நீதிக்கதையாகவே ஆகிவிட்டது. உண்மையில் அக்கால டெலிவிஷன் பெட்டிகளில் இரண்டிற்கும் இருந்த வேற்றுமை சாதாரணக் கண்ணுக்குப் புலப்படுவதாய் இல்லை. யாவருக்கும் புலப்பட்ட வேற்றுமை வேறு. பீட்டாமாக்ஸ் நாடா முதலில் ஒரு மணி நேரமே ஓடிற்று, வி.எச்.எஸ். நாடா இரண்டு மணி நேரம் ஓடிற்று. ஒரு சினிமாப் படம் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. வீட்டில் ஆள் இல்லாத வேளையில் படத்தைப் பதிவு செய்யக் கருவியை அமைத்துவிட்டுச் சென்றவர், திரும்பி வந்து பார்க்கையில் பாதிக் கதையே கிடைக்கும் என்றால், அப்பாதியின் தெளிவு அவருக்கு என்ன பயன்?

சோனி நிறுவனம் தன் நாடாவை 1977-இல் இரண்டு மணி நேரம் ஓடுமாறு செய்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்ற வி.எச்.எஸ். கருவி நான்கு மணி நேரம் ஓடிற்று. மேலும் ஜே.வி.சி. தன் முறையைப் பிற உற்பத்தியாளர் பலருக்கும் தாராளமாக வழங்கியமையால் கருவிகள் பெருகின, விலை இறங்கிற்று. கருவி மிகுந்த முறைக்கே வாடகைக் கடைக்காரர் அதிகக் காஸெட்டுகளை வாங்கி வைத்தனர். காஸெட் மிகுந்த முறைக்கே புதிதாய் வாங்குவோர் சென்றனர். இச்சுழற்சி ஒருமுறை ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் பின்னர் அதனைத் திருப்புவது அரிது. 1988-இல் சோனியே வி.எச்.எஸ். கருவிகளைத் தயாரிக்கத் தொடங்கிற்று. ஆக, வாங்கியவர்கள் தேர்ந்தெடுத்தது கருவியை மட்டும் அன்று. தெருமுனைக் கடையின் அலமாரியையும் சேர்த்தே அவர்கள் தேர்ந்தெடுத்தனர்.

அலமாரியின் வலிமை இவ்வளவென்பதை லேஸர் டிஸ்க் பட்ட பாட்டிலும் காணலாம். 1978-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் விற்பனைக்கு வந்த இத்தட்டு முப்பது சென்டிமீட்டர் விட்டம் உடையது; பெரிய இசைத்தட்டின் அளவு. அதன் படம் வி.எச்.எஸ். படத்தைவிடத் தெளிவில் மிக மேம்பட்டது. இவ்விஷயத்தில் ஐயத்திற்கே இடமில்லை. ஆனால் அதில் பதிவு செய்ய இயலாது. மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆர்.சி.ஏ. நிறுவனம், கிராமபோன் தட்டைப் போல வரிப்பள்ளங்களில் ஊசி ஓடும் ஒரு படத்தட்டை வெளியிட்டது. அதன் ஆராய்ச்சிக்குப் பல்லாண்டு செலவழிந்திருந்தது. கருவியின் விலையும் குறைவே. எனினும் 1984-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. நஷ்டம் ஏறக்குறைய 58 கோடி டாலர். அத்தட்டிலும் பதிவு செய்ய இயலாது. தன் பெட்டியில் வரும் நிகழ்ச்சியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் வசதியை ஒருமுறை பெற்றுவிட்ட வீட்டிற்கு, அவ்வசதியை இழந்து தெளிவைப் பெறுக என்று கூறுவது முன்னேற்றமாகத் தோன்றவில்லை. நாற்காலி அழகாயிருக்கிறது என்பதற்காகக் கட்டிலை விற்பவர் யார்?

1987-இல் வந்த சூப்பர் வி.எச்.எஸ்.ஸிற்கு இக்குறையும் இல்லை. அது பதிவு செய்தது. பழைய நாடாக்களையும் ஓட்டியது. குறுக்குவாட்டில் 240 கோடுகளாயிருந்த நுணுக்கத்தை 400 கோடுகளாக உயர்த்தியது. ஆனால் அதில் பதிந்த நாடா சாதாரணக் கருவியில் ஓடாது. அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுக்க முடியாத நாடாவில் திருமணத்தைப் பதிந்து என்ன செய்வது? படக் கம்பெனிகளும் அம்முறையில் படங்களை வெளியிடுவதில் நாட்டம் கொள்ளவில்லை. அது படப்பிடிப்பாளர்களின் கைக்கருவியாக நின்றுவிட்டது.

இந்தியாவின் அனுபவம் இன்னும் படிப்பினை தருவது. 1982-இல் வண்ண ஒளிபரப்புத் தொடங்கி, அவ்வாண்டின் ஆசிய விளையாட்டு விழாவை மக்கள் வண்ணத்தில் கண்டனர். அதையொட்டி வி.எச்.எஸ். கருவிகள் வெளிநாடுகளிலிருந்து வரலாயின. அவற்றைச் சொந்தமாக வாங்கியோர் சிலரே. தமிழ்நாட்டில் அக்கருவிக்கு "டெக்" என்றே பெயர். ஓர் இரவுக்கு டெக்கும் டெலிவிஷன் பெட்டியும் மூன்று நான்கு காஸெட்டுகளும் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை தெருவே கூடிப் பார்த்த காலம் அது. ஒரு குடும்பம் ஒருமுறை வாங்கி வைத்துக் கொள்வது என்ற முறையில் மேல்நாட்டு நிறுவனங்கள் போட்ட கணக்கு இங்குப் பொருந்தாது. இங்கே கருவி ஊர்ப்பொதுப் பொருள்போல் கைமாறிற்று. ஆகவே எல்லாக் கருவியிலும் எல்லாக் காஸெட்டும் ஓடவேண்டும் என்பது வசதி மட்டும் அன்று. பிழைப்பே அதை நம்பியிருந்தது.

இத்தகைய நிலையில் நாடாவை விரட்டியது எது? தெளிவான படம் காட்டிய லேஸர் டிஸ்க் அன்று. 1993-இல் வரையறுக்கப்பட்ட வி.சி.டி. என்னும் சிறு தட்டு. அதன் படம் நாடாவின் படத்திற்கு ஏறக்குறைய நிகரே. வேகமாக ஓடும் காட்சிகளில் கட்டம் கட்டமாய் உடைந்து நாடாவினும் தாழ்ந்து தோன்றுவதும் உண்டு. ஒரு தட்டில் 74 நிமிடமே அடங்கும். இந்தியப் படத்திற்கு இரண்டு தட்டு வேண்டும். நீண்ட படத்திற்கு மூன்று. இடைவேளையில் எழுந்து தட்டு மாற்ற வேண்டும். இவ்வளவு குறையுடைய சாதனத்தை அமெரிக்க வீடுகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா ஆகிய நாடுகளிலோ அது வெள்ளம்போல் பரவிற்று. தட்டை அச்சடிக்க ஆகும் செலவு மிகக் குறைவு. ஈரக் காற்றில் நாடா பூசணம் பூக்கும், தட்டு பூப்பதில்லை. கணிப்பொறியிலும் அது ஓடும். பின்னோக்கிச் சுற்ற வேண்டுவதில்லை. கருவியின் ஹெட்டைத் துடைக்க வேண்டுவதில்லை. தெளிவு என்னும் ஒன்றைத் தவிர மற்ற எல்லா அளவுகோல்களிலும் அது வென்றது. தெளிவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டிருந்தோர்க்கு அது விளங்காப் புதிராயிற்று.

டி.வி.டி.யின் வெற்றியும் இவ்வழியிலேயே ஆராயத் தக்கது. 1996-இன் இறுதியில் ஜப்பானிலும் அடுத்த ஆண்டில் அமெரிக்காவிலும் வெளிவந்த இத்தட்டு, வி.எச்.எஸ்.ஸை மெய்யாகவே வீட்டை விட்டு வெளியேற்றியது. அதன் படம் தெளிவானது என்பது உண்மை. ஆனால் அதே காலத்தில் வேறு சிலவும் நிகழ்ந்தன. முதலாவது, போர் நடக்குமுன்பே சமாதானம் ஏற்பட்டது. சோனியும் பிலிப்ஸும் ஒரு முறையையும், தோஷிபா முதலியோர் வேறொரு முறையையும் உருவாக்கி வைத்திருந்தனர். கணிப்பொறி நிறுவனங்கள் இரண்டையும் ஏற்க மறுத்து நெருக்கியமையால் 1995-இல் ஒரே முறைக்கு இசைந்தனர். வாங்குபவர் தவறான பக்கத்தில் பணத்தைப் போட்டுவிடுவோமோ என்று அஞ்ச வேண்டியதில்லாமற் போயிற்று. இரண்டாவது, அத்தட்டு பழைய இசைத் தட்டின் அதே 12 சென்டிமீட்டர் அளவுடையது. கருவி பழைய இசைத் தட்டுகளையும் வாசித்தது. பெரும்பாலான கருவிகள் வி.சி.டி.யையும் காட்டின. மூன்றாவதே மிக முக்கியம்: பார்க்கும் பழக்கமே மாறிற்று. வேண்டிய காட்சிக்கு உடனே தாவலாம், மொழியை மாற்றலாம், எத்தனை முறை ஓட்டினாலும் நாடாவைப் போல் தேய்வதில்லை. பார்வையில் குறையுடைய ஒருவருக்கும் இவ்வேற்றுமைகள் தெரியும்.

இந்தியாவில் இதற்கு மேல் விலையும் கைகொடுத்தது. 2007-ஐ ஒட்டி மோசர் பேயர் என்னும் இந்திய நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்க முற்பட்டது. திருட்டுத் தட்டின் விலைக்கே அசல் தட்டுக் கிடைத்ததும் மக்கள் அதை வாங்கினர். சட்டத்தை மதியாத மக்கள் என்று பழித்தவர்கள் இச்செய்தியை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இனி, புளூ-ரே. இம்முறையே ஆசிரியர்களுக்கு வகுப்பில் எடுத்துக்காட்ட மிகவும் ஏற்றது; ஏனெனில் இதில் பௌதிகம் தன் கடமையைக் குறைவறச் செய்தது. ஒளித்தட்டில் ஒரு குறியை எவ்வளவு சிறிதாக எழுதிப் படிக்கலாம் என்பது லேஸர் ஒளியின் அலைநீளத்தையும், அதைக் குவிக்கும் லென்ஸின் திறப்பெண்ணையும் பொறுத்தது. அலைநீளத்தைத் திறப்பெண்ணால் வகுத்தால் ஒளிப்புள்ளியின் பருமனுக்கு ஓர் அளவு கிடைக்கும். டி.வி.டி.யில் அலைநீளம் 650 நானோமீட்டர், திறப்பெண் 0.60, வகுத்தால் ஏறக்குறைய 1,083. புளூ-ரேயில் அலைநீளம் 405 நானோமீட்டர், திறப்பெண் 0.85, வகுத்தால் ஏறக்குறைய 476. ஒன்றை மற்றொன்றால் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஐந்துக்குச் சற்று மேல் வரும். டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட், புளூ-ரேயின் ஓர் அடுக்கில் 25 கிகாபைட். அதுவும் ஐந்து மடங்குக்குச் சற்று மேலே. காகிதத்தில் போட்ட கணக்கு கடையில் விற்கும் தட்டோடு இவ்வளவு ஒத்துவருவது மாணவருக்கு இன்பம் அளிக்கும். இந்த ஊதா ஒளியைத் தரும் கேலியம் நைட்ரைடு லேஸருக்கு அடித்தளமான நீல ஒளி டயோடுக்காக அகாஸாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர் என்பதையும் உடன் சொல்லலாம்.

இவ்வளவு இருந்தும் 2006-இல் வெளிவந்த புளூ-ரே, டி.வி.டி.யை விரட்டவில்லை. முதற்காரணம் மீண்டும் போர். அதே ஆண்டில் எச்.டி. டி.வி.டி. என்னும் போட்டி முறையைத் தோஷிபா கொணர்ந்தது. அதன் முதற்கருவி 499 டாலர். புளூ-ரேயின் முதற்கருவி அதைப்போல் இருமடங்கு விலை. எந்தப் படக் கம்பெனி எப்பக்கம் சேரும் என்று தெரியாமல் வாங்குவோர் கை கட்டி நின்றனர். 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் புளூ-ரே பக்கம் சாய்ந்தது. பிப்ரவரியில் தோஷிபா விலகிற்று. வென்ற தரப்பு கொண்டாடியது. ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளில் வீடுகளில் மேலும் மேலும் டி.வி.டி.களே குவிந்திருந்தன.

இரண்டாம் காரணம் கண்ணில் உள்ளது. நல்ல பார்வையுடைய ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலைக் கோண அளவிற்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்தறியாது. 32 அங்குல அகலத் திரையின் உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். அதில் டி.வி.டி.யின் 576 வரிகளைப் பரப்பினால் ஒரு வரி 0.7 மில்லிமீட்டர். அவ்வரி ஒரு கலைக் கோணத்தை அடக்கும் தூரம் சுமார் 2.4 மீட்டர். அதாவது எட்டடிக்கு அப்பால் அமர்ந்து பார்ப்பவருக்கு 576 வரிகளே போதும். புளூ-ரே தரும் 1080 வரிகளில் எஞ்சியவை கண்ணுக்கு எட்டாது போகின்றன. அவற்றைக் காண வேண்டுமாயின் நாற்காலியை ஒன்றேகால் மீட்டர் அளவுக்கு முன்னே இழுத்துப் போட வேண்டும். 55 அங்குலத் திரைக்கு இதே கணக்கைப் போட்டால், 2016-இல் வந்த 2160 வரித் தட்டின் பயன் 2.2 மீட்டருக்கு உள்ளே அமர்வோர்க்கே உண்டு என்பது தெரியும். வண்ணத்திலும், வெளிச்சத்திற்கும் நிழலுக்கும் உள்ள வீச்சிலும் அத்தட்டுக்கு மேன்மை உண்டு. அதை மறுப்பது நியாயமன்று. ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்றது வரிகளின் எண்ணிக்கையையே. சுவரில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வரைந்து ஒட்டி, மாணவர் எத்தனை அடி பின்வாங்கினால் அது சாம்பல் நிறமாகக் கலக்கிறது என்று அளக்கச் செய்தால் இவ்விஷயம் முழுதும் ஒரு பாடவேளையில் விளங்கும்.

மூன்றாம் காரணம் சற்று விந்தையானது. புளூ-ரே கருவிக்குள் ஊதா லேஸரோடு, டி.வி.டி.க்கான சிவப்பு லேஸரும் வைக்கப்பட்டது. பழைய தட்டுகளையும் காட்டாவிடில் எவரும் அக்கருவியை வீட்டிற்குள் விடமாட்டார் என்பதை உற்பத்தியாளர் அறிந்திருந்தனர். அதனால் கருவி உள்ளே வந்தது. ஆனால் அதே காரணத்தால் பழைய தட்டுகள் வெளியே போக வேண்டிய அவசியமும் இல்லாதொழிந்தது. புதிய கருவி பழைய டி.வி.டி.யை முன்னிலும் சற்று நன்றாகவே காட்டிற்று. அங்ஙனமாயின் அதே படத்தை மீண்டும் ஒருமுறை விலை கொடுத்து வாங்குவானேன்? புதியவனை வீட்டிற்குள் விட்ட கதவே பழையவனை வெளியேறாமல் காத்துக் கொண்டது. நாடாவிலிருந்து தட்டுக்கு மாறியபோது இவ்வாறு நிகழவில்லை. நாடாவைத் தட்டுக் கருவிக்குள் நுழைக்க வழியே இல்லை.

உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்துத் தட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாவண்ணம் பூட்டியதும் இங்கு நினைக்கத் தக்கது. டி.வி.டி.யில் இந்தியா ஐந்தாம் மண்டலம்; புளூ-ரேயில் "சி" மண்டலம். தோஹாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிந்து தட்டுகளோடு திரும்புவோருக்கு இப்பூட்டு என்ன தொல்லை தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வாங்குபவரைக் காவலில் வைக்கும் முறைகளை வாங்குபவர் விரும்புவதில்லை. அமெரிக்காவில் 1998-இல் டிவிக்ஸ் என்ற பெயரில், ஒருமுறை ஓட்டத் தொடங்கினால் 48 மணி நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும் தட்டு விற்கப்பட்டது. மறு ஆண்டே அது முடிந்தது.

இறுதியில் தட்டுகளின் இடத்தைப் பிடித்தது இன்னுந் தெளிவான தட்டு அன்று; தட்டே இல்லாத முறை. 1998-இல் டி.வி.டி.களை அஞ்சலில் அனுப்பத் தொடங்கிய நெட்பிளிக்ஸ், 2007-இல் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கி, 2023 செப்டம்பரில் அஞ்சல் சேவையை மூடிற்று. இந்தியாவில் 2016-க்குப் பின் கைப்பேசி இணையத்தின் விலை சரிந்ததும், தட்டுக் கருவியே வாங்காத குடும்பங்கள் நேரே கைப்பேசித் திரைக்குச் சென்றன. அத்திரையில் தோன்றும் படம் பல வேளைகளில் புளூ-ரேயின் தரத்திற்கு வெகுதூரம் தாழ்ந்தது. எவரும் வருந்தவில்லை. கருவி வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், அலமாரி வேண்டாம். ஆனால் இதிலும் ஒரு விலை உண்டு. நேற்றுக் கிடைத்த படம் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் நாளை மறைகிறது. இணையம் எட்டாத மலைக்கிராமத்துக் கள ஊழியருக்கு அது என்றுமே கிடைப்பதில்லை. பெட்டிக்குள் இருந்த தட்டுக்கு இக்குறைகள் இல்லை. இதைச் சொல்பவரைப் பழமைவாதி என்று ஒதுக்குவது எளிது, ஒதுக்கலாகாது.

சிற்றூர்களுக்குப் புதிய கருவிகளையும் வழக்கங்களையும் எடுத்துச் செல்வோர்க்கு இவ்வரலாறு அயலானது அன்று. 1980-களில் தொடங்கி 2002 வரை நாடெங்கும் நிறுவப்பட்ட புகையற்ற அடுப்புகளுள் பல, சில மாதங்களிலேயே கைவிடப்பட்டன. எரிதிறன் என்னும் அளவுகோலில் அவை நல்லவையே. ஆனால் வீட்டுப் பானை அவ்வடுப்பின் வாயில் அமர்ந்ததா, கிடைக்கும் விறகு அதனுள் நுழைந்ததா, புகைபோக்கி உடைந்தால் சீர்செய்ய ஆள் உண்டா என்பவை அடுப்பு ஊதும் பெண்ணின் அளவுகோல்கள். மறுத்தவரின் கணக்கைக் கேட்டறியாமல் மறுப்பை அறியாமை என்று அறிக்கையில் எழுதுவது, லேஸர் டிஸ்க் செய்தவர்கள் செய்த அதே தவறு.

இவ்விடத்தில் எதிர்ப்புறத்தில் நிற்கும் ஒரு தவறையும் கண்டித்தாக வேண்டும். பழைய முறை எளிதில் அழிவதில்லை என்பதால் அதனைப் பத்திரமானது என்று கருதிவிடுவது பொது நிறுவனங்களில் பெருகியுள்ள தவறு. பல்கலைக்கழக மானியக் குழு 1984-இல் தொலைக்காட்சி வழியே கல்வி ஒளிபரப்பைத் தொடங்கிய காலம் முதல், கல்லூரிகளும் பயிற்சி நிலையங்களும் விரிவாக்க அலுவலகங்களும் வி.எச்.எஸ். நாடாக்களைச் சேர்த்து வந்துள்ளன. அவற்றில் விலைக்கு வாங்கிய படங்கள் உண்டு. அவை போனாலும் வேறெங்கேனும் கிடைக்கும். அந்தந்த இடத்திலேயே பதிந்தவையும் உண்டு: ஒரு வட்டாரத்து உழவர் தம் நிலத்தைப் பற்றித் தம் வாயால் சொன்னது, ஓய்வு பெற்றுவிட்ட ஆசிரியர் ஒருவர் நடத்திக்காட்டிய சோதனை, இன்று வழக்கொழிந்த ஒரு பாசன முறை. இவற்றுக்கு மறுபிரதி இல்லை.

வி.எச்.எஸ். கருவியைத் தயாரித்து வந்த கடைசிப் பெரிய உற்பத்தியாளரான ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. நாடாவும் காத்திருப்பதில்லை. காந்தத் துகள்களைப் படலத்தோடு ஒட்டி வைக்கும் பாலியூரிதேன் பசை, காற்றின் ஈரத்தால் சிதைந்து பிசுபிசுக்கத் தொடங்குகிறது; நாடா கருவியில் ஒட்டிக்கொண்டு துகள் உதிர்கிறது. இந்தியாவின் கடற்கரை மாவட்டங்களில் பூசணமும் சேர்ந்து கொள்கிறது. ஆஸ்திரேலிய நாட்டின் திரைப்பட ஒலிக் காப்பகம் 2015-இலேயே, 2025-க்குள் மாற்றிப் பதியாத நாடாக்களில் பெரும்பாலானவை இழக்கப்படும் என்று எச்சரித்தது. 2019-இல் யுனெஸ்கோவும் ஒலி ஒளிக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கத்தோடு சேர்ந்து இதே அபாயத்தை உலகுக்கு அறிவித்தது. நாடா இருந்தும் ஓட்டக் கருவி இல்லாமை, கருவி இருந்தும் பழுது பார்க்க ஆள் இல்லாமை என்பதே இவ்வெச்சரிக்கையின் சாரம்.

ஆகையால் மாற்றிப் பதிவது அவசியம். ஆனால் எதற்கு மாற்றுவது? அன்றைய கடையில் மின்னும் புதிய முறைக்கு மாற்றுவது சரியன்று. பதிவு செய்யத்தக்க புளூ-ரே தட்டுகளில் தம் காப்பகத்தை ஒப்படைத்த நிறுவனங்கள் உண்டு; 2025 பிப்ரவரியில் சோனி அத்தட்டுகளின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. எந்த ஒரு பொருளையும் சாராமல், எந்த நிறுவனத்தின் பூட்டும் இல்லாத, இலக்கணம் பகிரங்கமாக வெளியிடப்பட்ட கோப்பாக மாற்றி, இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வெவ்வேறு ஊர்களில் வைப்பதே ஏற்கத்தக்கது. அக்கோப்புகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய சேமிப்புக் கருவிக்கு நகலெடுக்க வேண்டும். இந்தியாவின் நாடாக்கள் 625 வரி முறையில் பதிந்தவை. 720-க்கு 576 புள்ளிகள் என்ற அளவில் எடுத்தால் அவற்றில் உள்ளது முழுதும் வந்துவிடும். இதனை 2160 வரிகளாகப் பெருக்கித் தருவதாகக் கூறும் ஒப்பந்தக்காரரிடம் அதற்கென்று கூடுதல் பணம் கொடுப்பது வீண். இல்லாத நுணுக்கத்தை எந்தக் கருவியும் நாடாவிலிருந்து எடுக்க முடியாது.

வேலையின் அளவைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும், விரைவுபடுத்த வழியில்லை. ஐந்நூறு காஸெட்டுகள் உள்ள ஒரு பயிற்சி நிலையம், ஒரே கருவியைக் கொண்டு நாள்தோறும் ஐந்து மணி நேரம் ஓட்டினாலும் நூறு வேலை நாட்கள் ஆகும். சாதாரண டி.வி. என்னும் பதிவு முறையில் மணிக்கு 13 கிகாபைட் வீதம் மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூறு கிகாபைட் சேமிப்பிடம் வேண்டும்; இரண்டு பிரதிக்கு இரட்டிப்பு. ஆதலால் தேர்ந்தெடுத்தே தொடங்க வேண்டும். கடையில் கிடைத்த படங்கள் கடைசியில். அவ்விடத்திலேயே பதிந்தவை முதலில். அவற்றுள்ளும் உறையில் பெயர் எழுதாதவற்றை ஒதுக்கிவிடாமல், பதிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே அவர்களை அழைத்துக் கேட்டுப் பெயரெழுத வேண்டும். பூசணம் கண்ட நாடாவைத் துடைக்காமல் கருவியில் இடலாகாது; அது ஹெட்டைக் கெடுத்துப் பின்வரும் நாடாக்களையும் கெடுக்கும். காஸெட்டுகளை முழுதும் சுற்றி, படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

எல்லாவற்றினும் அரிதாகிவிட்ட பொருள் நாடா அன்று, டெக். நூறு நாள் ஓடும் வேலையில் ஒரு டெக் பழுதாகாமல் நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. உதிரிப் பாகம் இனிப் பழைய கருவிகளிலிருந்தே கிடைக்கும். பல அலுவலகங்களில் இக்கருவிகள் பழுதுற்றவை, பயனற்றவை எனக் குறிக்கப்பட்டு, ஒடிந்த நாற்காலிகளோடும் துருப்பிடித்த அலமாரிகளோடும் கழிவுப்பொருள் ஏலப் பட்டியலில் சேர்க்கப்படுகின்றன. அடுத்த பட்டியல் கையெழுத்தாகுமுன் அவற்றை அதிலிருந்து நீக்கி, தூசு படாமல் மூடி, நாடாக்கள் உள்ள அறையிலேயே வைக்குமாறு பண்டகக் காப்பாளருக்கு எழுத்து மூலம் உத்தரவு தரப்படுதல் வேண்டும்.